கரையில் ஒன்பது மணி நேரம்

பெலார்மினோ பிறந்தது போர்ட்டோவில், வளர்ந்தது போர்ட்டோவில், கல்யாணம் செய்துகொண்டதும் மனைவியிடம் திட்டு வாங்கியதும் அதே ஊரில்தான். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த ஊரில் ஒரு நாளைக் கழிக்க எழுத்துபூர்வமான திட்டம் ஒன்று அவசியம் என்று கண்டுபிடித்தவள் அவனுடைய அக்கா லியோபோல்தினா.

அவனுக்கு உல்லாசக் கப்பலில் வேலை. உல்லாசமெல்லாம் மேல்தளங்களில். அவன் இருந்தது நீர்மட்டத்துக்குக் கீழே, சலவைக் கூடத்தின் இஸ்திரிப் பிரிவில். எட்டு மாதமாக இரண்டாயிரம் பேருடைய சட்டைகளைத் தேய்த்துக்கொண்டு, வெளியே கடல் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தான். ஜூன் இருபத்து மூன்றாம் தேதி, புனித யோவான் திருவிழாவுக்கு முந்தைய நாள், கப்பல் காலையில் போர்ட்டோ துறைமுகத்துக்கு வந்து மாலையில் கிளம்பும் என்று தெரிந்தது. பயணிகளுக்காகக் கம்பெனி அச்சடித்திருந்த தாளைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினான். வினை அங்கேதான் ஆரம்பித்தது. 'கரையில் பயனுள்ள ஒரு நாள்' என்று அந்தத் தாளுக்குத் தலைப்பு. ஒரு கோபுரம், ஒரு தேவாலயம், ஒரு மது நிலவறை, பாலங்களுக்குக் கீழே படகில் ஒரு சுற்று. கடைசி வரியில் எல்லோரும் கப்பல் ஏறவேண்டிய நேரம், மாலை ஆறு மணி.

பத்தாவது நிமிடத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"டேய், நம்ம ஊரையே மூணு இடத்துல முடிச்சுட்டானுங்கடா! இது ஒரு திட்டமா? நான் போடறேன் பாரு."

"எனக்கு எதுக்கு அக்கா திட்டம்? பேசாம வீட்டுக்கு வந்து..."

"திட்டமில்லாம வந்தா என்ன ஆகும் தெரியுமா? உக்காந்து பேசிக்கிட்டே இருப்போம். பொழுது வீணாப் போயிடும்."

உட்கார்ந்து பேசத்தான் ஆசைப்பட்டான். அக்காவோடு அல்ல, ஒட்டீலியாவோடு. ஆனால் முப்பத்தொரு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற ஒருத்தி கையில் கட்டம் போட்ட காகிதத்தையும் நான்கு நிறப் பேனாவையும் எடுத்துவிட்டால் குறுக்கே பேசுவதற்கு யாருக்குத் தைரியம் வரும்? அந்த அலுவலகத்தில் கையெழுத்துப் போட வந்த அத்தனை பேரிடமும் "சின்ன எழுத்தைப் படிச்சீங்களா?" என்று கேட்டே பேர் வாங்கியவள் அவள்.

ஒட்டீலியா அவனுடைய மனைவி. நகரத்தின் ஆற்றங்கரையிலிருந்து துறைமுகம் வரைக்கும், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரமும் போகிற பேருந்தின் ஓட்டுநர். பெலார்மினோ முதல் முறை கப்பலுக்குப் போனது இருவரும் பேசி முடிவு செய்தது. ஒரே ஒரு ஒப்பந்தம், கூரை ஒழுகுவதைச் சரிசெய்யப் பணம் சேர்ந்ததும் திரும்பி வருவது என்று பேச்சு. கூரை சரியானது. அதற்குப் பிறகு அவன் அவளைக் கேட்காமலே இரண்டாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக்கு மழை வரலாம் என்று வானொலியில் சொல்கிறவர்களைப் போலத் தொலைபேசியில் தகவல் சொன்னான்.

"சரி," என்றாள் ஒட்டீலியா. "இனிமே எங்கிட்ட ஏதாவது பேசணும்னா நேர்ல வந்து பேசு."

அன்றிலிருந்து எட்டு மாதமாக அவன் அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் அவளிடமிருந்து வந்த பதில் ஒரு கட்டை விரல் படம். அவனுடைய பிறந்த நாளுக்கு இரண்டு கட்டை விரல்.

அந்த இரண்டாவது ஒப்பந்தம் ஜூன் இருபத்து மூன்றோடு முடிகிறது. தொடர விரும்புகிறவர்கள் புதிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கப்பல் ஏறும்போது அதிகாரியிடம் கொடுக்கவேண்டும். விரும்பாதவர்கள் பெட்டியோடு இறங்கிவிடலாம். நாலாக மடித்த அந்தத் தாள் அவன் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று ஒட்டீலியாவிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்த நாளில் அவனுக்கு வேறு ஒரு வேலையும் கிடையாது.

அக்காவின் திட்டத்தில் பதினான்கு உருப்படிகள் இருந்தன. முதலாவது, 'துறைமுக வாசலில் கட்டிப்பிடித்தல், அழுகை - பத்து நிமிடம்'. பதினான்காவது, 'துறைமுக வாசலில் கட்டிப்பிடித்தல், அழுகை - பத்து நிமிடம், 5.30'. இடையில் பல் மருத்துவர்கூட இருந்தார். பன்னிரண்டாவது இடத்தில், பச்சை மையில், '3.40 - 4.00, ஒட்டீலியா (காபி, நின்றபடி)'.

"இருபது நிமிஷம்தானா அக்கா?"

"அவதான்டா சொன்னா, அவளுக்கு இடைவேளையே அவ்வளவுதானாம். எட்டு மாசத்துல இருபது வார்த்தை பேசாத உங்களுக்கு இருபது நிமிஷம் ஜாஸ்தி."

"நின்னுக்கிட்டேன்னு போட்டிருக்கியே?"

"உக்காந்தா மேசைக்குப் பரிமாற ஆள் வரணும், அதுல ஆறு நிமிஷம் போயிடும். நான் கணக்குப் பண்ணிட்டேன்."

காலை எட்டரை மணிக்குப் பெலார்மினோ ஒரே ஒரு பெட்டியோடு இறங்கினான். அவனுடைய சொத்து முழுக்க அதற்குள் இருந்தது. துறைமுக வாசல் காவலரிடம் அதைக் கொடுத்து, "சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்," என்றான். எந்தப் பக்கம் போவதற்கு எடுத்துக்கொள்வான் என்று சொல்லவில்லை. அவனுக்கே தெரியாததை அவரிடம் எப்படிச் சொல்வது?

வெளியே அக்காவும் அத்தான் அதேரிட்டோவும் நின்றிருந்தார்கள். முதல் உருப்படி குறித்தபடி தொடங்கியது. அக்கா அழுதுகொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"என்னடா இது, ஒன்பதரை காட்டுது?"

"கப்பல் நேரம் அக்கா. ஸ்பெயின் பக்கமே சுத்திக்கிட்டு இருக்கறதால அந்த ஊர் நேரத்தையே வச்சிருக்காங்க. நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடி."

"ஊருக்கு வந்தாச்சுன்னா ஊர் நேரம். ஸ்பெயின்காரன் நேரத்தைக் கையில கட்டிக்கிட்டு அப்பா கல்லறைக்கு வருவியா நீ?" என்று தானே திருகி ஒரு மணி நேரம் பின்னால் வைத்தாள். அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஆறு வயதில் அவனுக்கு நகம் வெட்டிவிட்டவளும் அவள்தான்.

காரில் ஏறினார்கள். அத்தான் அதேரிட்டோ நல்ல மனிதர். நாள் முழுக்க அவர் பேசிய வாக்கியங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், ஒன்றிரண்டு விரல் மீதியும் இருக்கும்.

கல்லறையில் அக்கா அப்பாவுக்குத் திட்டத்தை வாசித்துக் காட்டினாள். அப்பா ஆட்சேபிக்கவில்லை. அடுத்தது அடையாள அட்டையைப் புதுப்பிக்கும் அலுவலகம். எண் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு ஐம்பது நிமிடம் உட்கார்ந்தபின், அட்டை இன்னும் நான்கு வருடத்துக்குச் செல்லும் என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் சொன்னாள். "நல்லதுதானே," என்றாள் அக்கா, "இப்ப உறுதியாத் தெரிஞ்சுடுச்சு." பல் மருத்துவர் ஒரு பல்லை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆடவில்லை என்றார். சித்தப்பா மகள் வீட்டுப் புதிய சமையலறையின் அலமாரிக் கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்வதை ஒன்பது தடவை பார்த்தான். ஒன்பதும் சத்தமில்லாமல்தான் மூடின. நாள் பயனுள்ளதாகப் போய்க்கொண்டிருந்தது.

ஏழாவது உருப்படி கிளெரிகோஸ் கோபுரம்.

"இந்த ஊர்ல பொறந்து நாப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவையாவது இதுல ஏறியிருக்கியா?"

"நீ ஏறியிருக்கியா அக்கா?"

"எனக்கு முட்டி வலி. நீ ஏறு. நான் கீழ நின்னு நேரம் பாத்துக்கறேன்."

இருநூற்றுச் சொச்சம் படி. முன்னால் அவனுடைய கப்பல் பயணிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். அவர்களுடைய முகம் ஒன்றும் அவனுக்குத் தெரியாது. சட்டைகளைத் தெரியும். நீலக் கோடு போட்ட சட்டைக்கு இடது கையில் கடைசிப் பொத்தான் வேறு நிறம். மஞ்சள் பூப்போட்ட சட்டை ஆவி பட்டால் சுருங்கிவிடும். பழைய நண்பர்களைப் பார்த்தது போலச் சட்டைகளைப் பார்த்துத் தலையசைத்தபடி உச்சிக்குப் போனான். அங்கிருந்து கூரைகளும் ஆறும் அக்கரையும் தெரிந்தன. ஆற்றோரச் சாலையில் ஒரு பேருந்து ஊர்ந்து போனது. அவளுடையதாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தான். கீழேயிருந்து அக்கா கைக்குட்டையை ஆட்டினாள். கோபுரத்துக்கு ஒதுக்கிய பதினோரு நிமிடம் முடிந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு அக்கா வீட்டில் சாப்பாடு. வெள்ளை பீன்ஸ் போட்டுச் சமைத்த மாட்டுக் குடல். திட்டத்தில் இதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கியிருந்தாள். பதினான்கு உருப்படிகளையும் நிமிடக் கணக்கில் அறுத்து வைத்த அந்த மேதை, போர்ட்டோக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் வெளிநாட்டுக்காரியைப் போல மறந்துவிட்டாள். சாப்பாட்டுக்குப் பின் பாலாடைக்கட்டி வந்தது. அதற்குப் பின் காபி, காபியில் ஊற்ற ஒரு சொட்டுச் சாராயம், அந்த ஒரு சொட்டுக்குத் துணையாக இன்னொன்று. கப்பல்காரனைப் பார்க்கக் கீழ்வீட்டுக்காரர் வந்தார். அவரைப் பார்க்க மேல்வீட்டுக்காரர் வந்தார். மத்தி மீனை எந்தக் கடைத்தெருவில் வாங்குவது, கரியில் சுடும்போது எப்போது உப்புப் போடுவது என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. இரண்டு வீட்டிலும் ராத்திரி மத்தி மீன்தான். இரண்டு வீட்டிலும் வாங்கியது ஒரே கடையில்.

பெலார்மினோ மூன்று தடவை எழுந்தான்.

"உக்காருடா, நேரம் இருக்கு," என்று மூன்று தடவையும் உட்காரவைத்தவள் வேறு யாருமல்ல, திட்டம் போட்டவள்தான். உப்பு விஷயத்தில் மேல்வீட்டுக்காரர் சொல்வது தவறு என்று நிரூபிக்காமல் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

மூன்று மணி ஐம்பதுக்கு அத்தான் அதேரிட்டோ அன்றைய முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

"பன்னிரண்டாவது போயிட்டு இருக்கு."

காரைக் கிளப்பினார்கள். இரண்டாவது திருப்பத்திலேயே காவலர் நிறுத்தினார். விழாவுக்காகச் சாலையை அடைத்தாயிற்று, காருக்கு வழியில்லை.

"நீ ஓடு!" என்றாள் அக்கா. "அவளைப் பாத்துப் பேசிட்டு அவ பஸ்லயே கிளம்பு. நாங்க சுத்திக்கிட்டு அஞ்சரைக்குத் துறைமுக வாசலுக்கு வந்துடறோம். அழுகை இருக்கு, மறந்துடாதே!"

சரிவில் ஓடினான். சந்துகளில் இப்போதே கரியடுப்புகளைத் தெருவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். விழா அன்றைக்கு யார் தலையிலும் யாரும் கீச்சென்று கத்தும் பிளாஸ்டிக் சுத்தியலால் அடிக்கலாம். அடி வாங்கியவன் சிரிக்கவேண்டும், அதுதான் வழக்கம். ஆறு தெரிவதற்குள் ஏழு அடி வாங்கினான். வழியில் ஒரு கிழவியிடம் மன்ஜெரிக்கோ செடி ஒன்றை வாங்கினான். பந்து மாதிரி கத்தரித்துச் சின்னத் தொட்டியில் வைத்து விற்கும் பச்சிலைச் செடி. நேராக மூக்கை வைத்து மோந்தால் பட்டுப்போகும், கையால் தொட்டுக் கையைத்தான் மோந்து பார்க்கவேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. விழாவுக்கு வேண்டியவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். அவன் வேண்டியவனா என்பது வேறு கேள்வி.

நான்கு மணி ஐந்துக்குப் பேருந்தின் கதவு மூடப்போகும் நேரத்தில் காலை உள்ளே வைத்தான்.

ஒட்டீலியா ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். எட்டு மாதத்துக்கு அது போதும் போலிருந்தது.

"டிக்கெட்," என்றாள்.

"ஒட்டீலியா, சாப்பாட்டுல லேட் ஆயிடுச்சு. அக்கா..."

"மூணு நாப்பதுலேர்ந்து காபிக்கடையில நின்னேன். நின்னபடின்னு எழுதியிருந்துச்சே, அதனால உக்காரக்கூட இல்ல. டிக்கெட் எடுக்கறியா, இறங்கறியா? பின்னாடி ஆள் நிக்குது."

பின்னால் ஒரு கரி மூட்டையும் அதைத் தோளில் சுமந்த ஒரு மனிதரும் நின்றார்கள். "தம்பி, குடும்பச் சண்டையை உக்காந்து போடுங்க. நான் துறைமுகத்துல இறங்கணும், மச்சான் அடுப்போட காத்துக்கிட்டு இருக்கான்," என்றார் மூட்டைக்காரர். அவர் பெயர் காந்திடோ என்று அடுத்த சில நிமிடங்களில் பேருந்துக்கே தெரிந்துவிட்டது. இடம் கொடு என்று யாரைக் கேட்டாலும் தன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்.

பெலார்மினோ டிக்கெட் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்து நின்றான். பேருந்து ஆற்றோரமாகக் கிளம்பியது. அவன் தலைக்கு மேல், 'வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

"உன்னைக் கேக்கத்தான் வந்தேன்," என்று ஆரம்பித்தான்.

அவள் அந்த எழுத்தை விரலால் காட்டினாள்.

வண்டி நிறுத்தத்தில் நின்றபோது மட்டும்தான் பேசலாம் என்றானது. ஆளுக்கு இரண்டு வரி வந்தால் அதிகம். கதவு திறக்கும், பேசுவார்கள். கதவு மூடும், பேச்சும் மூடிக்கொள்ளும். மீதியைப் பேருந்திலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் நிறுத்தம்.

"என் ஒப்பந்தம் இன்னிக்கு முடியுது. புதுத் தாள் பையில இருக்கு. கையெழுத்து போடல."

"பேனா இல்லையா?"

கதவு மூடியது. முன் இருக்கையில் மடியில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்த எர்மெலிந்தா அம்மாள், "எவ்வளவு நாளா தம்பி கப்பல்ல?" என்று கேட்டார்.

"எட்டு மாசம். அதுக்கு முன்னாடி ஒரு எட்டு மாசம்."

"இவளைக் கேட்டுட்டா போனே?"

"முதல் தடவை கேட்டேன்."

டொக் என்று தலையில் சுத்தியல் விழுந்தது. "விழாவுக்கு," என்றார் எர்மெலிந்தா அம்மாள். அது விழாவுக்கான அடியாக யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் அவன் செடியை நீட்டினான். ஒட்டீலியா வாங்கி, ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மூக்கை வச்சு மோந்து பாத்தியா?"

"இல்ல. கையால தொட்டுத்தான் பாத்தேன்."

"பரவால்ல. செடி பட்டுப்போகும்கறது ஞாபகம் இருக்கு. மத்ததுதான் மறந்துபோகுது."

நான்கரை ஆகிவிட்டது. ஆறு கடலில் சேரும் இடத்தில் சாலையின் பாதியை மேசை நாற்காலிகள் பிடித்துக்கொண்டன. பேருந்து நின்றது. ஒருவர் மேசையைத் தூக்கும்வரை இன்னொருவர் அடுப்பை நகர்த்தமாட்டேன் என்றார்.

ஒட்டீலியா திரும்பினாள். "உன் கப்பல் எத்தனை மணிக்கு மூடறாங்க?"

"ஆறு மணிக்கு. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு."

"யாரோட ஆறு மணி?"

"என்னது?"

"தெனம் இந்த வண்டியில கப்பல்காரங்களை ஏத்திக்கிட்டுப் போறேன். வாரம் ரெண்டு பேராவது நடுவழியில கடிகாரத்தைப் பாத்து அலறுவாங்க. ஸ்பெயின்லேர்ந்து வர்ற கப்பல் எல்லாம் அந்த ஊர் நேரம். அங்க ஆறுன்னா இங்க அஞ்சு."

பெலார்மினோ மணிக்கட்டைப் பார்த்தான். நான்கு முப்பத்திரண்டு. காலையில் அக்கா திருகிய கடிகாரம் மிகச் சரியாக ஊர் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கப்பல் நேரத்தில் அப்போது ஐந்து முப்பத்திரண்டு. எட்டு மாதம் அந்த நேரத்துக்கே எழுந்து, அந்த நேரத்துக்கே தூங்கிய மனிதன் அவன். அந்தத் தாளின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் 'எல்லா நேரங்களும் கப்பல் நேரமே' என்று இருந்தது இப்போது ஞாபகம் வந்தது. சின்ன எழுத்தைப் படித்தீர்களா என்று முப்பத்தொரு வருடம் ஊரையே கேட்டவள் அந்த ஒரு வரியை மட்டும் நான்கு நிறத்தில் எதிலும் எழுதவில்லை.

"இன்னும் இருபத்தெட்டு நிமிஷம்," என்றாள் ஒட்டீலியா. "இந்த அடுப்பு நகர்ந்தா போயிடலாம்."

அதைக் கேட்டுப் பேருந்து இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பின் இருக்கைக்காரர்கள் ஜன்னல் வழியே, "அடுப்பை எடுங்கய்யா, ஒருத்தருக்குக் கப்பல் போகுது!" என்று கத்தினார்கள். முன் இருக்கைக்காரர்கள், "எடுக்காதீங்க, போகட்டும் கப்பல்!" என்றார்கள். காந்திடோ மட்டும், "கப்பல் போனா போகுது, என் மீன் என்ன ஆகறது?" என்றார். அடுப்புக்காரர் மத்தியஸ்தமாக அடுப்பை அரை முழம் நகர்த்தினார்.

வண்டி நின்றுதான் இருந்தது. பேசலாம்.

"ஒட்டீலியா, நீ சொல்லு. கையெழுத்து போடட்டுமா, வேண்டாமா?"

"உன் பெட்டி எங்க?"

"வாசல் காவலர்கிட்ட."

"கப்பல்ல இல்லையா?"

"நீ வரச் சொன்னா எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வரலாம். வேண்டாம்னு சொன்னா திரும்பக் கப்பல்ல ஏத்திக்கலாம்னு..."

"ரெண்டுக்கும் தோதா, நடு வாசல்ல! அடடா. அக்காவுக்குத் தப்பாம பொறந்த தம்பி." அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "போன தடவை என்னைக் கேக்காம கையெழுத்து போட்டே. நான் இல்லாத மாதிரி இருந்துச்சு எனக்கு. இந்தத் தடவை என்னைக் கேக்கறே. நான் வான்னு சொன்னா, கப்பல் வேலையை விட வச்சவ நான். போன்னு சொன்னா, துரத்தினவ நான். உனக்கு என்ன வேணும்னு மட்டும் நீ சொல்ல மாட்டே. அதையும் நான்தான் சொல்லணும், இல்ல?"

எர்மெலிந்தா அம்மாள் சுத்தியலைத் தூக்கியவர், அடிக்காமல் கீழே வைத்தார்.

அடுப்பு நகர்ந்தது. ஒட்டீலியா கியரைப் போட்டாள்.

"நான் என் வேலையைப் பாக்கறேன். வேகமாவும் ஓட்ட மாட்டேன், மெதுவாவும் ஓட்ட மாட்டேன். துறைமுக நிறுத்தம் கேட்டா நிறுத்தற நிறுத்தம், உனக்கே தெரியும். இறங்கணும்னா மணி அடி. அடிச்சா நிறுத்துவேன்."

கடலோரச் சாலையில் பேருந்து சொன்ன வேகத்தில் போனது. பெலார்மினோவுக்குப் பேச வராது. சட்டையில் சுருக்கம் இருந்தால் எங்கே தண்ணீர் தெளித்து எங்கே அழுத்துவது என்று தெரியும். வீட்டை நினைத்தான். அங்கே கூரை ஒழுகாது. அந்தக் கூரைக்குக் கீழே மழைக்காலத்தில் ஒரு ராத்திரிகூட அவன் இன்னும் படுத்ததில்லை. ஒழுகாத கூரையைப் பார்க்காமலே இன்னொரு எட்டு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டது ஏன் என்று யோசித்தான். பணம் என்றுதான் இத்தனை நாள் சொல்லி வந்தான். எழுந்திருக்க மணி, சாப்பிட மணி, படுக்க மணி என்று யாராவது ஒருவர் நாளை அறுத்துக் கையில் கொடுக்கும் இடம் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

நான்கு ஐம்பத்து நான்கு. கப்பலின் வெள்ளைப் புகைபோக்கி கட்டடங்களுக்கு மேலே தெரிந்தது.

சிவப்புப் பொத்தான்கள் ஒவ்வொரு கம்பியிலும் இருந்தன. ஒன்று அவன் விரலுக்கு நேராகவே இருந்தது. காந்திடோ கரி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். நாற்பது பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எர்மெலிந்தா அம்மாள் சுத்தியலின் பிடியை இறுக்கினார்.

காந்திடோ கையை இழுத்துக்கொண்டார். "அடுத்ததுல இறங்கிக்கறேன்," என்றார் கூரையைப் பார்த்து. "நடந்தா உடம்புக்கு நல்லது."

நிறுத்தம் வந்தது. வெயிலில் நிழற்குடை காலியாக நின்றது, ஏறுவதற்கும் யாருமில்லை. ஒட்டீலியாவின் கால் பிரேக்கின் மேல் இருந்தது, அழுத்தவில்லை.

பெலார்மினோ கையைக் கம்பியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் விட்டான். நாலாக மடித்த தாளை எடுத்தான்.

"நான் இறங்கல," என்றான். "நீ சொல்றதுக்காக இல்ல. நான் வீட்டுக்கு வரணும். எனக்கு வரணும்னு இருக்கு ஒட்டீலியா. நீ உள்ள விட மாட்டேன்னா வாசல்ல உக்காந்திருப்பேன். கூரை தாழ்வாரம் வரைக்கும் இருக்குல்ல, நனைய மாட்டேன்."

நிழற்குடை ஜன்னலில் வந்து, ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போனது.

எங்கிருந்தோ முதல் சுத்தியல் அவன் தலையில் விழுந்தது. பிறகு இரண்டாவது, பிறகு எண்ணமுடியவில்லை. கீச், கீச் என்று பேருந்தே அவன் தலையில் விழா கொண்டாடியது. எர்மெலிந்தா அம்மாள் எழுந்து நின்று இரண்டு கையாலும் அடித்தார். காந்திடோவிடம் சுத்தியல் இல்லாததால் கரி பட்ட உள்ளங்கையால் தட்டினார். வெள்ளைச் சட்டையின் தோளில் ஐந்து விரலும் பதிந்தன. அந்தக் கறை எதில் போகும் என்று பெலார்மினோவின் மூளை தானாகவே யோசித்தது.

ஒட்டீலியா கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, காந்திடோவை இறக்கிவிட்டு, கதவை மூடாமல் திரும்பினாள்.

"அந்தத் தாளைக் குடு."

கொடுத்தான். அவள் பிரித்துப் படித்தாள். முன்பக்கம், பின்பக்கம், அடியில் இருந்த சின்ன எழுத்து எல்லாம். பிறகு அதை மடித்து, செடித் தொட்டி அசையாமல் இருக்க அடியில் செருகினாள்.

"கடைசி நிறுத்தத்துல திருப்பிக்கிட்டு அஞ்சே காலுக்கு இந்தப் பக்கம் வருவேன். துறைமுகத்துக்கு எதிர் நிறுத்தத்துல நிக்கறேன், ஓடிப் போய்ப் பெட்டியை எடுத்துட்டு வா. ரெண்டு நிமிஷம்."

"அஞ்சரைக்கு அக்கா வாசலுக்கு வருவா. அழறதுக்கு."

"அழட்டும். எழுதி வச்சாச்சு, வீணாக்குவானேன்?" கதவு மூடியது. "அப்புறம், திரும்பிப் போற வண்டிக்கு அந்த டிக்கெட் செல்லாது. புதுசா எடுக்கணும்."

"உன் வண்டிதானே?"

"என் வண்டிதான்," என்றாள் ஒட்டீலியா. "அதனாலதான் சொல்றேன். சில்லறையா எடுத்து வை. போய் உக்காரு, ஓட்டும்போது எங்கிட்டப் பேசாதே."

அவன் எர்மெலிந்தா அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அந்த ஒன்பது மணி நேரத்தில் திட்டத்தில் எழுதாமல் அவன் உட்கார்ந்த முதல் இடம் அதுதான். தூரத்தில் கப்பலின் ஊதல் நீளமாகக் கேட்டது. ஊர் நேரப்படி ஐந்து மணி.